ஜேட் வளையும் அதனைப் பேணும் முறையும்

ஆபரணங்களைப் பற்றிய கட்டுரைக்குக் கலாசாலைச் சஞ்சிகையில் இடமுண்டோ என ஐயுறுவார் சிலர் இருக்கலாம். பௌதிகமும் இரசாயனமும் பாடபுத்தகத்தின் அட்டைக்குள்ளேயே அடங்கிக் கிடப்பன என்று எண்ணும் மாணவர் நம்மிடையே பலர் உளர். அவர்களை நோக்கியே இதனை எழுதத் துணிந்தேன். ஒரு மூதாட்டியின் கைவளை சோதனைச்சாலைத் தராசின்மேல் ஏறியபோது நான் கற்றுக்கொண்டவை, வகுப்பறையில் நான் பன்முறை கற்பித்தவற்றினும் என் மனத்திற் பதிந்து நிற்கின்றன.

புதுச்சேரிக்குத் தெற்கே, பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த மணப்பட்டு என்னுங் கடலோரச் சிற்றூரிலிருந்து நம் கலாசாலைக்கு வந்து படித்த மாணவர் ஒருவர், ஒரு நாள் துணியிற் சுற்றிய இரண்டு பச்சை வளைகளை என்னிடம் கொண்டு வந்தார். இரண்டும் கல்லிற் கடைந்தவை. பூட்டும் பொருத்தும் இல்லாத முழு வட்டங்கள். ஒன்று அவருடைய ஆயாவுக்கு மாமியார் வழியாக வந்தது. அந்த மாமியார் தம் கணவரோடு சைகோன் நகரில் வாழ்ந்து, ஊர் திரும்பும்போது கையில் அணிந்து வந்தது. மற்றொன்று, ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், முதலாவதற்கு இணையாக இருக்கவேண்டும் என்று பெருநகரக் கடையொன்றில் வாங்கப்பெற்றது. ஆயாவுக்குப் பேத்திகள் இருவர். இருவருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுப்பதென அவர் முடிவு செய்து, கொடுக்குமுன் இரண்டையும் மெருகேற்ற விரும்பியிருக்கிறார். வீட்டார் பித்தளைப் பாத்திரத்துக்குச் செய்வதுபோலவே புளியுஞ் சலவைச் சோடாவும் இட்டுக் கொதிக்க வைத்தனர். வெளியே எடுத்தபோது சைகோன் வளை மங்கிச் சாம்பல் பூத்ததுபோல் ஆயிற்று. கடையில் வாங்கியதோ சில இடங்களில் நிறம் வெளிறிப்போயிற்று. "ஐயா, எங்கள் ஆயா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, கல் செத்துவிட்டது என்கிறார்கள், இதற்கு ஏதேனும் பரிகாரம் உண்டா?" என்று அம்மாணவர் வினவினார்.

பரிகாரங் கூறுமுன் பொருள் இன்னதென அறிதல் வேண்டுமன்றோ? ஆதலின் முதற்கண் ஜேட் என்னும் கல்லின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

நம் முன்னோர் கொண்ட நவமணிகளுள் இக்கல் இல்லை. வைரம், முத்து, மாணிக்கம், மரகதம், நீலம், புட்பராகம், கோமேதகம், வைடூரியம், பவளம் என்னும் ஒன்பதே நம் வழக்கிற் பேர்பெற்றவை. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரையின் மணிக்கடை வீதியை வருணிக்கும் இளங்கோவடிகள், மணிகளின் குணமுங் குற்றமும் கூறுமிடத்தும் இதனைக் கூறவில்லை. எனவே தமிழில் இதற்கெனத் தனிப்பெயர் வேரூன்றவில்லை. பச்சையாக இருப்பதெல்லாம் மரகதம் என்பதும், மரகதம் அல்லாதது பச்சைக்கல் என்பதும் கடைத்தெருப் பேச்சு. இப்பெயர்க் குழப்பம் விளைக்குந் தீங்கைப் பின்னர்க் காண்போம். முகலாயர் அவையில் இதனை யஷ்ம் அல்லது யஷப் என்றனர். ஷாஜஹான் சக்கரவர்த்திக்காக 1657-இல் வெண்ணிற ஜேட்டிற் கடைந்த கிண்ணம் இன்றும் இலண்டன் மாநகரப் பொருட்காட்சிச்சாலையில் உள்ளது. சுரைக்காயின் வடிவில் தொடங்கி ஆட்டுத்தலையாக முடியும் அக்கிண்ணத்தின் படத்தையேனும் மாணவர் ஒருமுறை காணல் நலம். யஷப் என்னுஞ் சொல்லும், வெளிப்படுத்தின விசேஷத்தில் புதிய எருசலேமின் முதல் அஸ்திவாரமாகக் கூறப்படும் கல்லின் கிரேக்கப் பெயராகிய இயாஸ்பிஸ் என்பதும் ஒரே குடியிற் பிறந்தவை. தமிழ் வேதாகமம் அதனை வச்சிரக்கல் என மொழிபெயர்த்துள்ளது. பண்டையோர் கற்களை நிறத்தாற் பெயரிட்டனரேயன்றி உட்கூற்றாற் பெயரிட்டாரல்லர் என்பதற்கு இது தக்க சான்று.

ஐரோப்பியப் பெயரின் கதையும் சுவையுடையது. மத்திய அமெரிக்காவிற் புகுந்த ஸ்பானியர், ஆங்குள்ள குடிகள் இக்கல்லை இடுப்பு நோய்க்கு மருந்தாகக் கருதுவது கண்டு, இடுப்புக்கல் எனப் பொருள்படும் 'பியத்ரா தெ இஹாதா' என்றழைத்தனர். அதுவே பிரெஞ்சு மொழியில் திரிந்து ஜேட் ஆயிற்று. இலத்தீனில் மொழிபெயர்த்தோர் சிறுநீரகக்கல் என்னும் பொருளில் 'லாபிஸ் நெஃப்ரிட்டிகுஸ்' என்றனர். அதினின்று நெஃப்ரைட் என்னும் பெயர் பிறந்தது. இரண்டு பெயரும் ஒரு பொருளையே குறிப்பதாக நெடுங்காலம் எண்ணியிருந்தனர். பிரெஞ்சு இரசாயன நிபுணராகிய அலெக்ஸி தாமூர், 1863-இல் பர்மாவிலிருந்து வந்த கல்லைப் பகுத்தாராய்ந்து, அது வேறோர் உலோகச் சேர்க்கையுடையதெனக் கண்டு ஜேடைட் எனப் பெயரிட்டார். அன்று முதல் ஜேட் என்பது இரு வேறு கனிப்பொருள்களுக்குப் பொதுப்பெயராயிற்று. நெஃப்ரைட் சுண்ணமும் மக்னீசியமும் இரும்பும் கலந்த சிலிகேட்டு. ஜேடைட் சோடியமும் அலுமினியமும் கலந்த சிலிகேட்டு.

இவற்றின் சிறப்பு எங்குள்ளது? கடினத்தில் அன்று. மோஸ் என்பார் வகுத்த கடின வரிசையில் நெஃப்ரைட் 6 முதல் 6.5 வரையிலும், ஜேடைட் 6.5 முதல் 7 வரையிலும் நிற்கும். படிகக்கல் 7, நீலமும் மாணிக்கமும் 9, வைரம் 10. ஆகக் கடினத்தில் ஜேட் நடுத்தரமானதே. ஆயினும் வைரத்தைச் சம்மட்டியால் அடித்தால் பிளந்துபோகும். ஜேட் எளிதிற் பிளவாது. காரணம் என்னையெனின், அதனுள்ளே நுண்ணிய நார்களும் மணிகளும் கம்பளியின் இழைபோல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கீறலைத் தாங்குதல் வேறு, உடைதலைத் தாங்குதல் வேறு என்பதை மாணவர் ஈண்டு நன்கு மனங்கொள்ளல் வேண்டும். பின்னலில் நெஃப்ரைட் ஜேடைட்டினும் மேம்பட்டது. கற்கால மாந்தர் அதனைக் கோடரியாகத் தீட்டியதும், பிற்காலத்தார் மெல்லிய கிண்ணங்களாகவும் முழுவட்ட வளைகளாகவும் கடைய முடிந்ததும் இவ்விறுக்கத்தால் ஆயவையே.

நம் நாட்டுப் பாறைகளில் இதனைத் தேடுவது வீண். ஜேடைட் விளைவதற்குப் பெரும் அழுத்தமும் ஒப்புநோக்கிற் குறைந்த வெப்பமும் ஒருங்கே வேண்டும். பூமியின் ஒரு தட்டு மற்றொன்றன் அடியிற் புகும் இடங்களிலேதான் அவ்வமைதி கூடும். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் காணும் நமது சார்னக்கைட்டுப் பாறையோ மிகுந்த வெப்பத்திற் பிறந்தது. ஆனாற் கல்லைக் கடைந்து மணியாக்குங் கலைக்கு நம் கரை அந்நியமானதன்று. மணப்பட்டுக்கு வடக்கே சில மைல் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில், 1945-இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கஸாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்து கண்டவற்றை நம்மவர் அறிவர். ரோமாபுரியின் மட்கலங்களைப் பற்றியே பலரும் பேசுவர். எனக்கோ ஆங்குள்ள மணித்தொழிலே பெரிதாகத் தோன்றுகிறது. சூதுபவளம், அகேட், செவ்வந்திக்கல், படிகம் முதலிய கற்களும் கண்ணாடியும் மணிகளாக உருப்பெற்ற இடம் அது.

கிழக்கே கடல் கடந்தால் காட்சி இன்னும் விரிகிறது. தாய்லாந்தின் குறுகிய நிலப்பகுதியில் காவ் சாம் கேயோ என்னும் பழைய துறைமுகப்பட்டினம் இருந்தது. கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளில் அவ்வூரில் இந்தியத் தொழின்முறையிற் கடைந்த சூதுபவள மணிகளும், தாய்வான் தீவிலிருந்து சென்ற நெஃப்ரைட்டில் அறுத்த காதணிகளும் அருகருகே செய்யப்பட்டன என்பதை ஆராய்ச்சியாளர் நிறுவியுள்ளனர். நெஃப்ரைட் தாய்வான் தீவினதே என்பது அதனுள் விரவிய நுண்தாதுக்களைக் கொண்டு 2007-இல் தெளிவாயிற்று. அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள குவான் லுக் பட் என்னும் இடத்தில், பெரும்பத்தன் என்பானது கல் என்று தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறித்த பொன்னுரைகல் ஒன்றும் கிடைத்திருக்கிறது. நம் பத்தர் ஒருவர் தம் உரைகல்லோடு ஜேட் அணியும் மாந்தரிடையே சென்று தொழில் நடத்தினார் என்று எண்ணும்போது, சைகோனிலிருந்து மணப்பட்டுக்கு வந்த வளை புதுமையான பயணி அன்று என்பது விளங்கும்.

சைகோன் வழி புதுச்சேரியாருக்கு நன்கு பழகிய வழி. பிரெஞ்சுக்காரர் 1859-இல் அந்நகரைக் கைப்பற்றி, 1862-இல் கொச்சின்சீனாவைக் குடியேற்ற நாடாக்கிய பின்னர், புதுச்சேரி காரைக்கால் தமிழர் பலர் ஆங்கு உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் சென்றனர். 1881-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தம் குலவழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றோர் அவ்வுத்தியோகங்களிற் பெரும்பாலும் அமர்ந்தனர். அந்நாட்டுப் பெண்டிர் இளமையில் அணிந்த ஜேட் வளையை முதுமைவரை கழற்றாது அணிவர். நம் பெண்டிரும் அயலாரைப் பார்த்து வாங்கியிருத்தல் இயல்பே. அவ்வளைகளுக்குரிய கல் பெரும்பாலும் வடபர்மாவில், காச்சின் மலைநாட்டு ஊரு ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து சீன வணிகர் கைவழியே வந்தது. சீனர் அதற்கு இட்ட பெயர் ஃபெய்ட்சுய்; மீன்கொத்திப் பறவையின் இறகைக் குறித்த சொல் அது. குளக்கரையில் மீன்கொத்தியைக் கண்டவருக்கு அப்பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டுவதில்லை.

இனிச் சோதனைக்கு வருவோம். கல்லைக் கன்னத்தில் வைத்துக் குளிர்ச்சி பார்த்தலும், நூலிற் கட்டித் தொங்கவிட்டுத் தட்டி ஒலி கேட்டலும் வணிகர் முறை. பழகிய காதுக்கு அவை உதவும், நமக்கு உதவா. ஊசியாற் கீறிப் பார்த்தல் பிறர் பொருளின்மேற் செய்யத்தகாத செயல். பொருளுக்கு ஊறு செய்யாது உண்மை காணும் வழி ஒன்றுண்டு. அது ஆர்க்கிமிடீஸ் காட்டியது. நீரில் மூழ்கிய பொருள் தன்னால் விலக்கப்பட்ட நீரின் எடையளவு எடை குறையும் என்று நாம் மனப்பாடஞ் செய்யும் விதியே அது.

வீட்டிலுள்ள சிறு மின்தராசைக் கொண்டும் இதனைச் செய்யலாம். முதலில் வளையை உலர்ந்த நிலையில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்க. பின்னர் நீர் நிரம்பிய கண்ணாடிக் குவளையைத் தராசில் வைத்துச் சுழியாக்குக. வளையை மெல்லிய நூலிற் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் நீரில் அமிழுமாறு கையாற் பிடிக்க. இப்பொழுது தராசு காட்டுவது விலக்கப்பட்ட நீரின் எடை. முந்திய எடையை இதனால் வகுக்க வருவது ஒப்படர்த்தி. இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும்: வளையின்மேல் ஒட்டும் காற்றுக் குமிழ்களை ஈரத் தூரிகையால் நீக்குதல் ஒன்று, கை நடுங்காமல் நூலை ஒரு தாங்கியிற் கட்டுதல் மற்றொன்று. நம் மாணவர் முதல் முறை குமிழ்களை நீக்காமலே கணக்கிட்டு, உலகில் இல்லாத ஒரு கல்லைக் கண்டுபிடித்தார்!

ஜேடைட்டின் ஒப்படர்த்தி ஏறக்குறைய 3.33, நெஃப்ரைட்டின் ஒப்படர்த்தி 2.95 அளவு. படிகக் குடும்பத்துக் கற்களெல்லாம் 2.65-ஐ ஒட்டி நிற்கும். 'இந்திய ஜேட்' என்று விற்கப்படும் அவென்சுரின் இக்குடும்பத்ததே. அது ஜேட் அன்று. 'புதிய ஜேட்' என்னும் பெயரில் உலவும் செர்பென்டைன் 2.6-ஐ ஒட்டியது, கத்தியால் எளிதிற் கீறப்படும் மென்மையது. கண்ணாடிக்கோ ஒரு நிலையில்லை. உள்ளிட்ட பொருளுக்கு ஏற்ப எவ்வளவும் இருக்கலாம். ஆதலின் எண் பொருந்தியது கொண்டே கல்லை உறுதி செய்தல் ஆகாது. எண் பொருந்தாவிட்டால் மறுத்தல் ஆகும்.

சைகோன் வளை 54.60 கிராம் இருந்தது. விலக்கிய நீர் 16.40 கிராம். வகுக்க வந்தது 3.33. இரண்டாவது வளை 42.40 கிராம், விலக்கிய நீர் 16.00 கிராம். வகுக்க வந்தது 2.65. பருமனில் ஏறக்குறைய ஒத்த இரண்டு வளைகளுள் ஒன்று மற்றொன்றைவிடப் பன்னிரண்டு கிராம் கனத்திருந்தும், பதினைந்து ஆண்டுகளாக அதனை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைக்கண்ணாடியால் நோக்கியபோது, இரண்டாவதன் பச்சை நிறம் கல்லின் உள்ளே பரவாமல், மணிகளுக்கிடையேயுள்ள நுண்வெடிப்புகளில் மட்டும் வலைபோலத் தேங்கியிருந்தது. அது சாயந் தோய்த்த படிகப்பாறை. சோடா நீரில் வெளிறியது கல்லன்று, சாயமே.

முதல் வளையிலும் ஐயத்துக்கு இடமுண்டோ என ஆராய்ந்தேன். இக்காலத்தில் ஜேடைட்டை வணிகர் மூவகையாகப் பிரிப்பர். மேலே மெழுகு மட்டும் பூசியது முதல்வகை. அமிலத்தில் ஊறவைத்துக் கறைகளை நீக்கி, உண்டான புழைகளிற் பிசினை ஏற்றியது இரண்டாவது. சாயம் ஏற்றியது மூன்றாவது. பிசினேற்றியது புதிதில் மிகத் தெளிவாகத் தோன்றிப் பல ஆண்டுகளில் மஞ்சளித்து வலுவிழக்கும். அதனைத் திண்ணமாக அறிதற்கு அகச்சிவப்புக் கதிர்ச் சோதனை வேண்டும். ஆனால் பிசினேற்றும் முறை சந்தையில் பரவியது 1980-ஐ அடுத்த ஆண்டுகளிலேதான். இவ்வளையோ, புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த 1954-க்கு முன்னர் எடுத்த குடும்பப் புகைப்படமொன்றில் மாமியாரின் கையிலேயே காணப்படுகிறது. ஆகவே அவ்வையம் தானே நீங்கிற்று. கைக்கண்ணாடியிற் சாயத்தின் அறிகுறியும் இல்லை. ஒரு பழைய நிழற்படம் விலையுயர்ந்த கருவியின் வேலையைச் செய்தது கண்டு நான் மகிழ்ந்தேன்.

வளை மங்கியதற்குக் காரணமும் விளங்கிற்று. கடைந்து மெருகிட்ட ஜேட்டின்மேல் நிறமற்ற மெழுகை மெல்லெனப் பூசுவது தொன்றுதொட்ட வழக்கம். மணிகளிடையே உள்ள நுண்குழிகளை அம்மெழுகு நிரப்பி, ஒளி சிதறாமற் காக்கும். கொதிநீர் மெழுகை உருக்கிற்று. சோடா அதனைக் கழுவிற்று. புளியின் அமிலமும் தன் பங்கிற்கு உதவியிருக்கலாம். கல் சாகவில்லை, அதன் மேலாடை மட்டுமே போயிற்று. வளையை வெந்நீரில் அன்று, இளஞ்சூடான நீரில் வைத்தெடுத்து, நன்கு உலர்த்தி, நிறமற்ற மெழுகைச் சிறிதளவு தேய்த்து, பழைய பட்டுத்துணியால் நெடுநேரம் துடைத்தோம். பெரும்பகுதி ஒளி திரும்பிற்று. ஒரு பக்கம் மட்டும் திரும்பவில்லை. அதன் காரணத்தைக் கூறுகின்றேன்.

ஆயா, வேலைக்கு இடையூறென்று வலக்கையை வெறுமையாக விட்டு, இரண்டு வளைகளையும் இடக்கையிலேயே அணிந்திருந்தார். பதினைந்து ஆண்டுகள் அவை ஒன்றோடொன்று உராய்ந்தன. படிகத்தின் கடினம் 7. ஜேடைட் அதற்கு ஒப்பாகவோ சற்றுக் குறைவாகவோ உள்ளது. ஆகவே போலியானது மெய்யானதன் பக்கத்தைத் தேய்த்து மங்கச் செய்துவிட்டது. பின்னலின் இறுக்கம் இல்லாத போலியோ தன் விளிம்பில் இரண்டிடங்களிற் பெயர்ந்திருந்தது. கீறலும் உடைதலும் வேறென மேலே கூறியதற்கு இவ்விரு வளைகளையே சான்றாக வகுப்பில் காட்ட விரும்பினேன். பிறர் குடும்பப் பொருள் என்பதால் விடுத்தேன்.

அணிவோர் அறியவேண்டியவை இதனின்றே பெறப்படும். ஜேட் வளையை மற்றொரு கல்வளையோடும், வைரமும் நீலமும் பதித்த அணிகளோடும் ஒரே கையில் அணிதலும் ஒரே பெட்டியில் இடுதலும் கூடா. மணப்பட்டுப் போன்ற கடற்கரையூரில் இன்னுமொரு பகை உண்டு, அது மணல். கடல்மணலிற் பெரும்பகுதி படிகத்துகள். வாசல் பெருக்குங் கையிலும், மீன் கழுவுங் கையிலும், சவுக்குத்தோப்பிற் சருகு கூட்டுங் கையிலும் அத்துகள் ஒட்டும். வளையில் தூசி இருக்கும்போது உலர்ந்த துணியாற் தேய்த்தால், துடைப்பதாக எண்ணிக் கீறுகிறோம். முதலில் நீரில் அலசித் தூசி நீங்கிய பின்னரே துடைத்தல் முறை. சிறிதளவு மென்மையான சவர்க்காரங் கரைத்த வெதுவெதுப்பான நீரே போதும். மிருதுவான தூரிகை ஒன்று இருந்தால் நன்று. நம் வீடுகளில் பொன்னகைக்கு வழங்கும் பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்துக் கொதிப்பித்தல், புளி, எலுமிச்சை, சலவைச் சோடா, தரை கழுவும் அமிலம், மின்னொலியால் அதிர்வித்துக் கழுவும் பொறி ஆகியன வேண்டா. மஞ்சள் பூசிக் குளிக்கும்போதும், வாசனைத் திராவகம் தெளிக்கும்போதும் கழற்றக்கூடியதைக் கழற்றி வைத்தல் நலம். வெடிப்புள்ள கல்லில் நிறம் இறங்கினால் வெளியேற்றுவது அரிது.

கழற்றக்கூடியதை என்றேன், முழுவட்ட வளையில் அதுவே பெருஞ்சிக்கல். பொன்வளைபோல் இது நெகிழாது. வாங்குமுன் அளவு காணல் வேண்டும். நம் கடைகளில் இரண்டு-நான்கு என்றால் உள்விட்டம் இரண்டங்குலமும் பதினாறில் நான்கும், அதாவது ஏறக்குறைய 57 மில்லிமீட்டர். இரண்டு-ஆறு என்றால் 60 மில்லிமீட்டர் அளவு. கீழ்நாட்டு வணிகர் மில்லிமீட்டரிலேயே கூறுவர். கட்டைவிரலைச் சுண்டுவிரற் பக்கமாக மடக்கி, கை மிகப் பருத்திருக்கும் இடத்தின் சுற்றளவை நூலால் அளந்துகொள்ளுதல் வேண்டும். மணிக்கட்டின் அளவு பயன்படாது. அணியும்போதுங் கழற்றும்போதும் பாயின்மேலேனும் மெத்தையின்மேலேனும் அமர்ந்து, கையில் சவர்க்கார நுரையையோ தேங்காயெண்ணெயையோ தடவி, அவசரமின்றிச் செய்க. வெயிலிலும் மாலையிலும் கை சற்று வீங்கியிருக்கும்; காலையில் குளிர்ந்த நீரில் கையை வைத்திருந்த பின்னர் முயல்வது எளிது. கைமுறிவோ வீக்கமோ நேரும்போது வளை கழலாது இறுகி இரத்தவோட்டத்தைத் தடுக்குமாயின், வளையை அறுக்கத் தயங்குதல் அறியாமை. கை வளைக்காக அன்று. நம் ஆயாவின் வளையும் பல ஆண்டுகள் கழலாமலே இருந்ததாம். முதுமையில் உடல் மெலிந்த பின்னரே தானாக நழுவிற்று.

மணிமாலையாயின் பட்டுநூலில் மணிக்கு மணி முடிச்சிட்டுக் கோத்தல் வேண்டும். வியர்வையில் நூல் இற்றுப்போகுமாதலின் அவ்வப்போது மாற்றுக. பொன்னிற் பதித்ததாயின் பொற்கொல்லருக்கு ஒரு சொல் சொல்லுதல் அவசியம். கல் இருக்கும்போதே பற்றாசு வைத்து ஊதுகுழலாற் பற்றவைத்தால், தீ மெழுகை அழிப்பதோடு கல்லையும் நிறங்கெடுக்கும். கல்லைப் பெயர்த்த பின்னரே தீயிடச் சொல்லுக. அரக்கு நிரப்பிய பழைய அணிகளை நீரில் ஊறவிடலும் ஆகாது.

ஜேட் அணிந்தாரின் உடல்நலத்துக்கேற்பக் கல் நிறம் மாறும் என்றும், அணிந்தாருக்கு வரும் கேட்டைத் தான் ஏற்று உடையும் என்றும் கீழ்நாடுகளில் நம்புவர். முதலாவதில் ஓரளவு உண்மை மறைந்துள்ளது. நெடுநாள் அணிந்த வளையின் நுண்குழிகளில் உடலின் எண்ணெய்ப்பசை சேர, மெழுகைப்போலவே அது ஒளியைக் கூட்டும். இரண்டாவதைப் பற்றி நான் கூறுவது, வளை உடைந்தால் முன்னரே வெடிப்பிருந்ததா என்று பார்க்க என்பதே. நம்பிக்கையைப் பரிகசிப்பது என் நோக்கமன்று. உத்தரகோசமங்கையில் மரகத நடராசர் திருமேனியை ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பிலேயே வைத்துத் திருவாதிரை நாளில் மட்டும் காப்புக் களைவதை அறிவோம். பச்சைக்கல்லைப் பேணுதல் நம் நாட்டுக்குப் புதிதன்று என்பதற்காகவே இதனைக் குறித்தேன்.

புதிதாக வாங்க எண்ணுவோர் ஒன்றையும் அறிந்திருத்தல் வேண்டும். இக்கல்லின் பெருஞ்சுரங்கம் காச்சின் நாட்டு ஹபாகாந்து. 2020-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள், மழையில் ஆங்குக் குவித்திருந்த கழிவுமண் மலை சரிந்து 170-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெருநிறுவனங்கள் கொட்டிய மண்ணைக் கிளறித் துண்டுக்கற்களைப் பொறுக்கும் ஏழைகள் அவர்கள். கடையிலே விலை பேசுகையில் இது நினைவுக்கு வருமாயின் தவறில்லை.

சோதனை முடிந்ததும், செய்தியைக் கூற மாணவரோடு மணப்பட்டுக்குச் சென்றேன். வழியெல்லாம் எவ்வாறு கூறுவதென்றே சிந்தித்தேன். இரண்டும் ஜேட் என்று சொல்லிவிட்டால் எவருக்கும் இன்றைக்குத் தீங்கில்லை என்று மாணவர் மெல்லக் கூறினார். தராசின் எண்ணை எழுதிய கையால் அவ்வாறு சொல்ல என்னால் இயலாது என்றேன். திண்ணையில் அமர்ந்திருந்த ஆயா முழுவதும் கேட்டார். பின்னர்க் கடைச்சீட்டை எடுத்து வரச் செய்தார். அதில் 'பச்சைக்கல் வளை ஒன்று' என்று மட்டுமே எழுதியிருந்தது. ஜேட் என்னுஞ் சொல் எங்கும் இல்லை. கொடுத்ததோ ஜேட்டின் விலை. வாய்ச்சொல்லை நம்பி வாங்கியதனால் வழக்காட இடமில்லாமற் போயிற்று. கல்லின் பெயரும், அது பக்குவஞ் செய்யப்பட்டதா என்பதும் சீட்டில் எழுதப்பெறாவிடின் வாங்கலாகாது என்பதை அங்கேயே பேத்திகளுக்கும் கூறினேன்.

"பெரியவளுக்கு ஒன்று, சின்னவளுக்கு ஒன்று என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேனே, வாத்தியாரே" என்றார் ஆயா. சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் அவரே இருவரையும் அழைத்துச் சைகோன் வளையை அணிந்து பார்க்கச் சொன்னார். அதன் அளவு இரண்டு-நான்கு. மூத்தவளின் கையில் அது புகவில்லை. எண்ணெய் தடவியும் விரல் கணுவைத் தாண்டவில்லை. இளையவளின் கையில் எளிதாக இறங்கிற்று. மூத்தவள் இரண்டு-ஆறு அளவுள்ள மற்றதை எடுத்து அணிந்துகொண்டு, "இதுவும் ஆயா கையில் நான் பார்த்ததுதான், ஆனால் இது இன்ன கல் என்று சரியாக எழுதிக் கொடுங்கள், ஐயா, நாளைக்கு என் பிள்ளைகள் ஏமாறக்கூடாது" என்றாள். ஆயா தம் காதிலிருந்த கம்மலைக் கழற்றி அவள் மடியில் வைத்தார்.

இரண்டு தாள்களில் கல்லின் பெயர், எடை, விலக்கிய நீரின் எடை, ஒப்படர்த்தி, நாள் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். முதல் தாளில் ஜேடைட், மெழுகு பூசப்பெற்றது, ஒரு பக்கம் தேய்வுடையது என்றும், இரண்டாவதிற் சாயந் தோய்த்த படிகப்பாறை, வெயிலிலுஞ் சோடாவிலும் வைக்கலாகாது என்றும் இருந்தது. மூத்தவள் அத்தாளை இரண்டாக மடித்துக் கம்மலோடு சேர்த்து முடிந்துகொண்டாள்.